ஒரு ‘ஸ்’ தவறிய மாத்திரை

முதலில் ஒரு மன்னிப்பு. ஒரு சொல் எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது என்று எழுதுவதற்குப் பெரிய படிப்புப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் பிளஸ் டூ. அதிலும் இங்கிலீஷில் தப்பிப் பிழைத்தவன். சென்ற வாரங்களில் அரிசி ரகங்களைப் பற்றி எழுதியபோது எனக்கு இவ்வளவு கூச்சமில்லை. அரிசி எனக்குத் தெரியும்.

இந்த வாரம் ஒரு மாத்திரையின் பெயரைப் பற்றி எழுதப் போகிறேன். தப்பு இருந்தால் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பெயரை வைத்து நான் ஏற்கெனவே செய்த தப்பைவிடப் பெரிய தப்பு இனி செய்ய முடியாது என்பது ஒன்றுதான் எனக்குத் தைரியம்.

டெக்ஸாஸில் கேட்டி என்ற ஊரில் எங்கள் வீடு. ஒரு சாயங்காலம் சமையலறை மேஜையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எதிரே என் மகள் கயல். பதினேழு வயது. பள்ளியில் மருந்துக்கடை வேலைக்கான வகுப்பு ஒன்றில் சேர்ந்திருந்தாள். அதற்குப் பரீட்சை. சீட்டுக்கட்டு மாதிரி அட்டைகள் வைத்திருந்தாள். ஒரு பக்கம் மருந்தின் பெயர், மறுபக்கம் அது எதற்கு, அந்தப் பெயர் எப்படி வந்தது என்ற விவரம். பெயர் வந்த கதை தெரிந்தால் மருந்து மறக்காதாம்.

“அப்பா, குவிஸ் மீ,” என்றாள்.

நான் அட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவளே சொல்லிக்கொள்வாள். நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற பிள்ளை. எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். மார்ஃபின் என்பது கனவுக்கான கிரேக்க தெய்வத்தின் பெயராம். ஹெபாரின் என்றால் ஈரல். முதலில் ஈரலிலிருந்து எடுத்தார்களாம். அட்ரோபின் என்று ஒன்று. கிரேக்கர்களுக்கு மூன்று தேவதைகள், அக்கா தங்கைகள். ஒருத்தி உயிர் நூலை நூற்பாள், ஒருத்தி அளப்பாள், மூன்றாமவள் கத்தரியால் வெட்டுவாள். அந்த வெட்டுகிறவளின் பெயரைத்தான் இந்த மருந்துக்கு வைத்திருக்கிறார்கள்.

“மருந்துக்கா அப்படிப் பேரு வெப்பாங்க?” என்றேன்.

“ஐ நோ, ரைட்?” என்று சிரித்தாள்.

அடுத்த அட்டையைத் தூக்கினேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன். லேசிக்ஸ்.

“கண்ணு, இது எனக்கு டாக்டர் குடுத்ததாச்சே?”

“ஓ, திஸ் இஸ் யுவர்ஸ்! தட்ஸ் அ ஃபன்னி ஒன், அப்பா. இட் லிட்டரலி மீன்ஸ்...”

அதற்குப் பிறகு அவள் சொன்ன இரண்டு சொற்கள் என் காதில் விழுந்தது இப்படி: லாஸ்ட் சிக்ஸ்.

அவள் அடுத்த அட்டைக்குப் போய்விட்டாள். என் கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் இருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கால் வீங்கிய கதை

அந்த மாத்திரை எனக்கு ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி தனம் நர்ஸ். அவள் வேலைக்காகத்தான் இந்த நாட்டுக்கு வந்தோம். நான் ஓர் இந்திய மளிகைக் கடையில் வேலை செய்கிறேன். முன்பக்கம் கல்லாவில் நின்றால் வருகிறவர்களிடம் பேச வேண்டும். எனக்குப் பேச்சு வராது. அதனால் பின்பக்கம் அரிசி மூட்டை அடுக்குகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நாளெல்லாம் நின்று நின்று கணுக்காலுக்கு மேலே வீங்கியது. விரலால் அமுக்கினால் இட்லி மாவில் அமுக்கின மாதிரி குழி விழுந்து, மெதுவாகத்தான் மேலே வந்தது.

தனத்துக்கு அன்று டியூட்டி. டாக்டரிடம் நான் தனியாகத்தான் போனேன். அங்கே காத்திருந்தபோது ஒரு பெண் வெளியே வந்து, “மிஸ்டர் நாச்சோ?” என்று கூப்பிட்டாள். நான் உட்கார்ந்தே இருந்தேன். நாலைந்து முறை கூப்பிட்டாள். எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் உள்ளே போய்விட்டு வெளியே வந்தார்கள். கடைசியில் அவள் என் எதிரிலேயே வந்து நின்று காகிதத்தைக் காட்டினாள். நாச்சிமுத்து என்று இருந்தது. அது என் அப்பா. காலமாகிப் பல வருஷம் ஆகிறது. இங்கே அப்பா பெயரைத்தான் லாஸ்ட் நேம் என்று எழுதி, அதைச் சொல்லியே கூப்பிடுகிறார்கள். நாச்சோ என்பது இந்த ஊரில் சோளச் சிப்ஸ் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

டாக்டர் அம்மா நெஞ்சில் பசை தடவிப் படம் பார்த்தார். காலை அமுக்கிப் பார்த்தார். நிறையப் பேசினார். எல்லாவற்றுக்கும் “எஸ் டாக்டர்” என்றேன். அதில் எனக்குப் புரிந்தவை இரண்டு. ஒன்று, லேசிக்ஸ். இன்னொன்று, ஷார்ட் டைம்.

லேசிக்ஸ் என்றதும் ஏதோ லேசான மாத்திரை என்று நினைத்துச் சந்தோஷமாக வந்தேன். மருந்துக்கடையில் கொடுத்த டப்பாவில் வேறு ஏதோ நீளமான பெயர் இருந்தது.

“ரெண்டும் ஒண்ணுதாங்க,” என்றாள் தனம். “அது கம்பெனி வெச்ச பேரு, இது மருந்தோட பேரு. ஒடம்புல தேங்கி நிக்கற தண்ணிய எறக்கிவுடும். காலையில ஒண்ணு போடுங்க. பாத்ரூம் பக்கமா இருந்துக்குங்க.”

ஆறு என்பதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்த லாஸ்ட்

படித்தவர்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். எனக்கு ஏன் புரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

காங்கேயத்தில் நான் படித்த பள்ளியில் லாஸ்ட் என்ற சொல் நிறையப் புழங்கியது. லாஸ்ட் பெஞ்ச். லாஸ்ட் ரேங்க். லாஸ்ட் பீரியட். திருப்பூரிலிருந்து வருகிற லாஸ்ட் பஸ். பரீட்சைக்குப் பணம் கட்ட லாஸ்ட் டேட். எதை எடுத்தாலும் லாஸ்ட் என்றால் கடைசி. அந்தச் சொல்லுக்கு வேறு ஒரு வேலையும் உண்டு என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒருவேளை சொல்லித் தந்த அன்று நான் அந்த லாஸ்ட் பெஞ்சில் தூங்கியிருக்கலாம்.

லாஸ்ட் சிக்ஸ். கடைசி ஆறு.

உயிர் நூலை வெட்டுகிறவளின் பெயரையே மருந்துக்கு வைக்கிற ஊரில், கடைசி ஆறு என்று ஒரு பெயர் வைக்க மாட்டார்களா? டாக்டர் வேறு ஷார்ட் டைம் என்றார். என் மகள் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் கொஞ்சம் உறுத்தியது. இங்கே பிள்ளைகளுக்கு எதையும் மறைக்காமல் சிரித்த முகத்தோடு சொல்லப் பழக்குகிறார்கள் போலிருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

தனத்திடம் கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. அவள் மருத்துவமனையில் எத்தனையோ பேர் போவதைப் பார்த்தவள். முகத்தில் காட்டமாட்டாள். தினமும் காலையில் பல் துலக்கிக்கொண்டே, “லேசிக்ஸ் போட்டீங்களா?” என்று கேட்பாள். எனக்கு அது, “கடைசி ஆறு போட்டீங்களா?” என்று கேட்கும். போட்டுவிட்டேன் என்று தலையாட்டுவேன். நல்லது என்பாள்.

ஆறு என்றால் ஆறு என்ன?

முதல் மாத்திரையை மறுநாள் காலை எட்டு மணிக்குப் போட்டேன். ஆறு மணி நேரமாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம். அன்று எனக்கு லீவு. சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். நிம்மதியாக உட்காரவும் முடியவில்லை. கால்மணிக்கு ஒரு தரம் எழுந்து ஓட வேண்டியிருந்தது. தமிழில் ஆறு என்றால் எண்ணும் உண்டு, ஓடுகிற ஆறும் உண்டு. எனக்கு அன்று இரண்டும் இருந்தது. இரண்டு மணி அடித்தது. நான் இருந்தேன். ஓட்டமும் அத்தோடு நின்றுவிட்டது. ஓட்டம் ஏன் சரியாக இரண்டு மணிக்கு நின்றது என்று யோசித்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். உயிர் பிழைத்த மகிழ்ச்சியில் தயிர்சாதம் சாப்பிட்டேன்.

பிறகு, ஆறு நாளாக இருக்கலாம் என்று தோன்றியது. ஆறாவது நாள் தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். எதுவானாலும் சட்டையாவது நன்றாக இருக்கட்டும்.

கடை முதலாளி ஜமால் பாய். கீழக்கரைக்காரர். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். “என்ன தம்பி, அரிசி மூட்டை தூக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?” என்றார். அன்று மாலை சட்டை அழுக்கானதைத் தவிர எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆகவே ஆறு வாரம் என்று முடிவுக்கு வந்தேன். நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தேன். ஆறாவது வாரம் முடிகிற நாள் ஒரு சனிக்கிழமை. அன்றுதான் டாலஸ் பக்கம் ஆலனில், தனத்தின் தங்கை மல்லிகா வீட்டுக் கிரகப்பிரவேசம். வீடு குடிபோகிற இடத்தில் இப்படியா என்று மல்லிகாவை நினைத்து வருத்தமாக இருந்தது.

ஆயத்தங்கள் செய்தேன். மசாலா டப்பாக்களில் எல்லாம் பெயர் எழுதி ஒட்டினேன். தமிழில் எழுதினேன். கயலுக்குத் தமிழ் படிக்க வராது என்பது எல்லாம் ஒட்டிய பிறகுதான் நினைவு வந்தது. இட்லி மாவுக்கு உளுந்து எவ்வளவு, அரிசி எவ்வளவு என்று அவளுக்குச் செய்து காட்டினேன். போனில் படமெடுத்துக்கொண்டாள். “அப்பா, யூ ஆர் பீயிங் வியர்ட்,” என்றாள். வீட்டுக்கு எப்போதும் இருபது பவுண்டு அரிசி எடுத்துப் போகிறவன் நாலு பவுண்டு பை எடுத்தேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் போன மழைக்கு வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாளே மழை பிடித்துக்கொண்டது.

யாரிடமாவது கேட்டுவிட வேண்டும் போலிருந்தது. ஒரு நாள் பாய் தனியாக இருக்கும்போது மெல்ல ஆரம்பித்தேன்.

“பாய், ஒருத்தருக்கு ஆறுதான்னு சொல்லிட்டாங்கன்னா, என்னங்க பண்றது?”

“யாருக்கு?”

“தெரிஞ்சவர் ஒருத்தருக்குங்க.”

“ஆறு முடிஞ்சிருச்சா?”

“முடியப் போகுதுங்க.”

“மேல அப்ளை பண்ணிட்டாரா?”

நான் கூரையைப் பார்த்தேன். “மேலயா?”

“பண்ணிட்டாருன்னா பயமே இல்ல தம்பி. எக்ஸ்டென்ஷன் குடுத்துக்கிட்டே இருப்பாங்க. என் மச்சான் பத்து வருஷமா எக்ஸ்டென்ஷன்லதான் ஓடுறான்.”

“அப்ளை பண்ணலீன்னா?”

“ஆறு முடிஞ்ச அன்னைக்கு மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். சும்மா இல்ல, ஃபேமிலியும் கூடப் போகணும்.”

“ஃபேமிலியுமா?”

“பின்ன? அவரை வெச்சுத்தானே அவங்க இருக்காங்க. நல்ல லாயரைப் பாக்கச் சொல்லு.”

பாய் பேசியது வேலை விசாவைப் பற்றி. இங்கே கம்ப்யூட்டர் வேலைக்கு வருகிறவர்களுக்கு விசா ஆறு வருஷம்தான். அதற்குள் கிரீன் கார்டுக்கு மனுப் போட்டிருந்தால் நீட்டித்துக் கொடுப்பார்கள். இந்த ஊரில் எந்தத் தமிழனிடம் போய் ஆறு என்று சொன்னாலும் அவனுக்கு அதுதான் ஞாபகம் வரும். எனக்கு மட்டும் வரவில்லை. நான் நர்ஸின் கணவனாக வந்தவன்.

தவிட்டு மூட்டை

சாவைவிட எனக்குப் பயமாக இருந்தது வேறொன்று. தனத்திடம் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயம்.

கல்யாணமான புதிதில் நான் காங்கேயத்தில் ஓர் அரிசி ஆலையில் குமாஸ்தா. தனம் திருப்பூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அமெரிக்கா போகப் பரீட்சையெல்லாம் எழுதிவிட்டு, வேலைக்கான கடிதத்துக்குக் காத்திருந்தாள். ஒரு மத்தியானம் நான் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது, கம்பிக் கேட்டுக்குக் கீழே அந்தக் கடிதம் கிடந்தது. வெளிநாட்டுத் தபால்தலை. தனம் வேலைக்குப் போயிருந்தாள்.

அதை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஆலைக்குத் திரும்பிப் போனேன். கெட்ட எண்ணம் என்று ஒன்றும் இல்லை. பயம். உள்ளூர் டீக்கடையிலேயே, “ஒரு டீ” என்று சத்தமாகச் சொல்ல வெட்கப்பட்டு, அடுத்தவன் சொல்லும்வரை காத்திருந்து, “எனக்கும்” என்கிறவன் நான். அமெரிக்காவில் போய் யாரிடம், எனக்கும் என்று சொல்வேன்? இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். குடோனில் ஒரு தவிட்டு மூட்டைக்குள் செருகி வைத்தேன்.

இரண்டு நாள் பதினோரு நாளாயிற்று. தனம் தினமும் தபால்காரர் சென்னியப்பனை வழியில் நிறுத்திக் கேட்பாள். “வந்தாக் குடுக்காம எங்க போறேன் அம்மிணி,” என்பார் அவர். நான் பக்கத்தில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பதினோராம் நாள் எண்ணெய் ஆலையிலிருந்து லாரி வந்தது. தவிடு ஏற்ற ஆரம்பித்தார்கள். பேசாமல் நின்றிருந்தால் போதும். கடிதம் அதுபாட்டுக்குப் போயிருக்கும். நான் இன்னும் காங்கேயத்தில் இருந்திருப்பேன். ஆனால் கத்திவிட்டேன். என் ஆயுளில் அவ்வளவு சத்தமாகக் கத்தியது அன்றுதான். எந்த மூட்டை என்பது மறந்துபோயிருந்தது. நாலு மூட்டைகளைப் பிரித்துக் கொட்டினேன். முதலாளி என் பரம்பரையையே திட்டினார். கடிதத்தைத் தேடி எடுத்து, துண்டால் துடைத்து, மறுபடியும் கேட்டுக்குக் கீழே கொண்டுபோய்ப் போட்டேன்.

கடிதத்தில் பதில் அனுப்ப லாஸ்ட் டேட் மறுநாள். தனம் கோயம்புத்தூருக்கு ஓடி, கூரியர் அலுவலகம் மூடுவதற்குள் அனுப்பிவிட்டாள். திரும்பி வந்ததும் கடிதத்தை மோந்து பார்த்தாள். “தவிட்டு வாசம் அடிக்குதுங்க. தபால் பையைத் தீவனக் கடையில போட்டுட்டு ஊர் சுத்தப் போயிருக்கான் அந்த ஆளு,” என்று சென்னியப்பன் மேல் போஸ்ட் மாஸ்டரிடம் புகார் எழுதிக் கொடுத்தாள். அந்தப் புகாரை நேர்த்தியான கையெழுத்தில் எழுதியவன் நான்தான். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

நாற்பத்தைந்தாம் நம்பர் ஃப்ரீவே

அந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். கிளம்புகிற நேரத்தில் மாத்திரையையும் போட்டுக்கொண்டேன். கடைசி நாளில் கணக்குத் தவறக் கூடாது. தனம் ஓட்டினாள். நான் பக்கத்தில். பின்சீட்டில் கயல், காதில் அவளுடைய இயர்போன். ஆலன் போக நாலரை மணி நேரம்.

ஹியூஸ்டனைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை நிறுத்தச் சொன்னேன். ஹன்ட்ஸ்வில்லில் ஒரு முறை. அதற்கு மேலே காடும் புல்லும் மாடுமாக இருந்த ஓர் இடத்தில் நாலாவது முறை. திரும்பி வந்து பெல்ட் போட்டதும், இனித் தள்ளிப்போடக் கூடாது என்று தோன்றியது.

“தனம், ஒண்ணு சொல்லோணும்.”

“மறுக்காவா? இப்பத்தானுங்க போயிட்டு வந்தீங்க!”

“அதில்ல. அந்த அமெரிக்கா லெட்டரு... அது லேட்டா வரல. வந்தன்னைக்கே வந்துருச்சு. நாந்தான் எடுத்து ஒளிச்சு வெச்சிருந்தேன்.”

தனம் ரோட்டைப் பார்த்தபடி, “என்னது?” என்றாள்.

“பதினோரு நாளு. தவிட்டு மூட்டையில.”

தனம் முன்னால் போன லாரியை முந்தினாள்.

“இதை எதுக்குங்க இப்பச் சொல்றீங்க?”

“இன்னைக்கோட ஆறு வாரம் முடியுது.”

“எதுக்கு ஆறு வாரம்?”

“மாத்திரைக்கு. எனக்கு எல்லாந் தெரியும் தனம், நீ ஒண்ணும் மறைக்க வேண்டாம். நம்ம கயல் அம்மிணி அன்னைக்கே சொல்லிட்டா. லாஸ்ட் சிக்ஸ்.”

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. கயல் இயர்போனைக் கழற்றியிருந்தாள். எப்போது கழற்றினாள் என்று தெரியாது. “ஓ மை காட். அப்பா! லாஸ்ட்ஸ்! வித் ஆன் எஸ்! இட் லாஸ்ட்ஸ் சிக்ஸ் ஹவர்ஸ்!”

தனத்துக்கு முதலில் மூக்கிலிருந்து சிரிப்பு வந்தது. பிறகு தோள் குலுங்கியது. கார் ரோட்டுக் கோட்டைத் தாண்டி ஆடியது. அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

“லாஸ்ட்னா நிக்கறது, தாங்கறதுன்னும் அர்த்தம் இருக்குதுங்க! ஆறு மணி நேரம் தாங்கும். அதனாலதான் அந்தப் பேரு. அஞ்சு மணி நேரமில்ல, ஏழு மணி நேரமில்ல. மத்தவங்க எல்லாம் ஆறு மணி நேரம் பாத்ரூமுக்குத்தான் ஓடுவாங்க. நீங்க ஆறு வாரம் சுடுகாட்டுக்கு ஓடியிருக்கீங்களே!”

அன்றைக்கு இரண்டு மணிக்கு ஓட்டம் நின்றது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. டாக்டர் சொன்ன ஷார்ட் டைமும், மாத்திரையைக் கொஞ்ச காலம் போட்டால் போதும் என்பதுதான். ஒரு ‘ஸ்’. அந்தப் பெயரில் அடுத்த ‘சி’ உடனே வருவதால் அது என் காதில் ஒட்டவே இல்லை. நானும் சிரித்தேன். ஆறு வாரத்தில் முதல் முறையாக.

கயல் என் மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்திருந்தாள். இன்னொரு பெயரையும் விளக்கினால் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ. “அண்ட் திஸ் ஒன், ஃபுரோஸிமைட். தி ஃபுர் பார்ட் கோஸ் பேக் டு அ லத்தீன் வேர்ட், ஃபர்ஃபர். இட் மீன்ஸ் பிரான்.”

பிரான் என்றால் எனக்குத் தெரிந்தது எம்பிரான்தான். “சாமி பேரா, கண்ணு?”

தனம் சிரிப்பை நிறுத்தினாள். ஸ்டியரிங்கிலிருந்து மெதுவாகத் தலையைத் தூக்கினாள்.

“பிரான்னா தவிடுங்க,” என்றாள்.

இன்ஜினை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“பதினோரு நாளா?” என்றாள்.

“ஆமா.”

“தவிட்டு மூட்டையில.”

“ஆமா.”

“அப்பறம் எதுக்குத் திருப்பிக் கொண்டாந்தீங்க?”

“லாரி வந்துருச்சு. தவிட்டோட போயிருக்கும்.”

“போகட்டும்னு உட்டுருக்கலாமில்ல? உங்களுக்குத்தான் வர இஷ்டமில்லயே.”

“உட முடியல.”

அவள் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். பெட்ரோல் போடுகிறவர்களை ரொம்ப நேரம் பார்த்தாள். எனக்கு ஐந்தாவது முறை போக வேண்டியிருந்தது. சொல்லத் தைரியமில்லை.

“எனக்குச் செஞ்சதை நான் பாத்துக்கறேன்,” என்றாள் கடைசியில். “எப்படியோ வந்து சேந்துட்டேன். அந்தச் சென்னியப்பனுக்கு என்னங்க பதிலு? நான் புகார் குடுத்து, அந்த மனுசனை ஆபீசுல நிக்க வெச்சுக் கேட்டாங்க. அதுக்கப்பறம் அவரு நம்ம வீட்டுப் பக்கம் வந்தா நிமுந்தே பாக்க மாட்டாரு. நானும் தீபாவளிக்குப் பலகாரம் குடுக்கறதை நிறுத்திட்டேன்.”

“தெரியும்.”

“அந்தப் புகாரை எழுதுனது யாருங்க?”

“நாந்தான்.”

“கையெழுத்து முத்து முத்தா இருந்துச்சு,” என்றாள். “நாளைக்கு அவருகிட்ட நீங்க பேசறீங்க. நம்பர் நான் வாங்கித் தர்றேன். பேச வேண்டியது நீங்க. நானும் பேச மாட்டேன், அம்மிணியும் பேச மாட்டா. இப்பப் போயி பாத்ரூம் போயிட்டு வாங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.”

ஆலன் போய்ச் சேரும்வரை மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னும் இரண்டு முறை நிறுத்தினாள். நான் கேட்காமலேயே நிறுத்தினாள். மாத்திரை எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதைப் பெயரிலேயே வைத்துவிட்டார்கள். தனத்தின் கோபம் எத்தனை நேரம் தாங்கும் என்று எந்தப் பெயரிலும் இல்லை.

அன்று சாயங்காலம் கிரகப்பிரவேச வீட்டில் பால் காய்ச்சியபோது என் டம்ளரை அவள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு, “தண்ணி அதிகம் குடிக்காதீங்க,” என்றாள்.

மறுநாள்

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்கு மாத்திரை போட்டேன். எட்டேகாலுக்கு, மல்லிகா ஊரில் யார் யாரிடமோ கேட்டு வாங்கிய நம்பரைப் போட்டு, தனம் போனை என் கையில் கொடுத்தாள். சென்னியப்பனின் மருமகள் எடுத்தாள். மாமாவுக்குக் காது கேட்காது, சத்தமாகப் பேச வேண்டும் என்றாள். நான் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. மூன்றாவது முறை கத்திச் சொன்னபோதுதான் கேட்டது. விருந்துக்கு வந்து தங்கியிருந்த பதினான்கு பேருக்கும் அது கேட்டது. “தீவனக் கடைன்னு எழுதியிருந்தீங்க. நான் அந்தக் கடைப்பக்கமே போனதில்லீங்க,” என்றார் சென்னியப்பன். பிறகு, அங்கே மழை உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன்.

பகல் இரண்டு மணிக்குக் கிளம்பினோம். கேட்டி வந்து சேரும்வரை எங்கும் நிறுத்தவில்லை.